ஊகிக்காமல் தீர்க்க முடியுமா? கணினியில் தர்க்கப் புதிர்களை ஆடும் முறை

கேள்வி இது: "கணினியில் மைன்ஸ்வீப்பரும் சுடோகுவும் நெடுநாளாக ஆடி வருகிறேன். எளிய நிலைகளை முடித்துவிடுகிறேன். கடினமான நிலைக்குப் போனால் ஏதோ ஓரிடத்தில் நின்றுவிடுகிறது. அதன் பிறகு குத்துமதிப்பாக ஒரு கட்டத்தை அழுத்த வேண்டியதாகிறது. ஊகிப்பதும் ஆட்டத்தின் ஒரு பகுதிதானா, எனக்குத் தெரியாத வழி ஏதேனும் இருக்கிறதா? எந்தப் புதிர்களை எப்படி ஆடினால் தேறலாம்?"

ஆம் என்றோ இல்லை என்றோ இதற்கு ஒரே வரியில் பதில் சொல்லிவிட முடியாது. நீங்கள் ஆடும் பலகையை எந்த நிரல், எந்த நிபந்தனையோடு உருவாக்கியது என்பதைப் பொறுத்தே பதில் மாறும். மைன்ஸ்வீப்பரின் கண்ணிவெடிகளை மனம்போன போக்கில் தூவிவிடும் நிரல் தந்த பலகையில் ஊகம் சில இடங்களில் தவிர்க்க முடியாதது. உருவாக்கிய பலகையைத் தானே ஒருமுறை தீர்த்துப் பார்த்து, ஊகமின்றித் தீர்கிறது என்று உறுதி செய்துகொண்ட பிறகே ஆடுபவருக்குக் கொடுக்கும் நிரலின் பலகையில் ஊகத்துக்கு வேலையே இல்லை. அங்கே நின்றுவிட்டால், நாம் பார்க்கத் தவறிய ஒரு முடிவு பலகையில் எங்கோ இருக்கிறது என்று நிச்சயமாகச் சொல்லலாம். தேர்ச்சிக்கான முதல் படியாக இந்த வேறுபாட்டைத்தான் நான் சொல்வேன். நின்றுபோன இடத்தில் இன்னும் யோசிப்பதா, துணிந்து அழுத்துவதா என்பதை அதுவே தீர்மானிக்கிறது.

மைன்ஸ்வீப்பரிலிருந்து தொடங்குகிறேன். மூடிய கட்டங்களில் ஒளிந்திருக்கும் கண்ணிகளை மிதிக்காமல் மற்றக் கட்டங்களை எல்லாம் திறப்பதே ஆட்டம்; திறந்த கட்டத்தில் தெரியும் எண், அதைத் தொட்டுச் சுற்றியுள்ள கட்டங்களில் எத்தனை கண்ணிகள் என்று சொல்லும். ராபர்ட் டானர், கர்ட் ஜான்சன் ஆகிய இருவர் எழுதிய இந்த ஆட்டம் 1990-இல் மைக்ரோசாஃப்டின் விளையாட்டுத் தொகுப்பு ஒன்றில் வெளிவந்தது; 1992-இல் விண்டோஸ் 3.1-உடன் சேர்ந்தே வரத் தொடங்கியதால் உலகம் முழுவதும் பரவியது. அதன் தொடக்க நிலை முதலில் 8-க்கு 8 கட்டங்களாகவும் பிந்தைய விண்டோஸ்களில் 9-க்கு 9 கட்டங்களாகவும் இருந்தது; இரண்டிலும் கண்ணிகள் 10. நடுநிலையில் 16-க்கு 16 கட்டங்களில் 40 கண்ணிகள். உயர் நிலையில் 30-க்கு 16, அதாவது 480 கட்டங்களில் 99 கண்ணிகள். விழுக்காட்டில் பார்த்தால் 9-க்கு 9 பலகையில் சுமார் 12, நடுநிலையில் சுமார் 16, உயர் நிலையில் 20-க்குச் சற்று மேல். எண்ணளவில் சிறிதாகத் தோன்றும் இந்த உயர்வு ஆட்டத்தின் தன்மையையே மாற்றிவிடுகிறது: அடர்த்தி கூடக் கூட, ஒரே கிளிக்கில் விரிந்து திறக்கும் வெற்றிடங்கள் சுருங்கி, 3, 4, 5 என்ற எண்கள் நெருங்கி நின்று ஒன்றையொன்று கட்டுப்படுத்தத் தொடங்குகின்றன. பழைய விண்டோஸ் பதிப்பு ஆடுபவருக்குத் தந்த உறுதி ஒன்றே ஒன்றுதான்: முதல் கிளிக்கில் வெடிக்காது. முதல் கிளிக் கண்ணியின் மேல் விழுந்தால், அந்தக் கண்ணி பலகையின் இடது மேல் மூலைக்கு மாற்றப்படும். அதற்குப் பின் வரும் எந்தக் கிளிக்குக்கும் அந்தப் பலகை பொறுப்பேற்பதில்லை.

ஆயினும், அந்தப் பலகைகளில்கூட, பலர் ஊகம் என்று எண்ணி அழுத்தும் இடங்களில் பெரும்பாலானவை உண்மையில் ஊகம் தேவைப்படாதவை என்பதே நான் பார்த்த அளவில் தெரிவது. தொடக்க நிலையில் ஒரு எண்ணை மட்டும் தனியாகப் பார்த்தால் போதும்: 1 என்ற எண்ணைச் சுற்றி ஒரே ஒரு மூடிய கட்டம் இருந்தால் அது கண்ணி, 1-க்குரிய கண்ணி ஏற்கெனவே தெரிந்துவிட்டால் சுற்றியுள்ள மற்றவை பாதுகாப்பானவை. உயர் நிலையில் ஒரு எண் தனியாக எதையும் சொல்லாது. அடுத்தடுத்த இரண்டு எண்களைச் சேர்த்துப் பார்த்து, ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழிக்க வேண்டும். மைன்ஸ்வீப்பரின் நுட்பங்கள் எல்லாம் இந்த ஒரு கழித்தலிலிருந்து கிளைத்தவையே என்பதால், இதைச் சற்று நிதானமாகப் பார்ப்போம்.

பலகையின் இடது ஓரத்தை ஒட்டி, திறந்த வரிசை ஒன்றில் 1, 1 என்று இரண்டு எண்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. அவற்றுக்கு மேலே உள்ள வரிசை முழுவதும் மூடியிருக்கிறது. கீழே எல்லாம் திறந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓரத்தில் நிற்கும் முதல் 1, மேல் வரிசையின் முதல் இரண்டு கட்டங்களை மட்டுமே தொடுகிறது. இரண்டாவது 1 மேல் வரிசையின் முதல் மூன்று கட்டங்களைத் தொடுகிறது. முதல் இரண்டு கட்டங்களுக்குள் ஒரு கண்ணி இருப்பது உறுதி. மூன்று கட்டங்களுக்குள்ளும் ஒன்றுதான் இருக்கிறது. ஆகவே மூன்றாவது கட்டத்தில் கண்ணி இருக்க முடியாது. அந்த ஒரு கண்ணி முதல் கட்டத்திலா, இரண்டாவதிலா என்பது நமக்கு இன்னும் தெரியாது. தெரியாமலேயே மூன்றாவதைத் திறந்துவிட்டோம். இதே இடத்தில் எண்கள் 1, 2 என்று இருந்திருந்தால், அதே கழித்தல் மூன்றாவது கட்டத்தில் கண்ணி உண்டு என்று சொல்லியிருக்கும். ஒரு எண் தொடும் மூடிய கட்டங்கள் எல்லாவற்றையும் இன்னொரு எண்ணும் தொடுமானால், இரண்டாவது எண்ணிலிருந்து முதல் எண்ணைக் கழித்து வருவதே எஞ்சிய கட்டங்களில் உள்ள கண்ணிகளின் எண்ணிக்கை. விதி இவ்வளவுதான்.

ஓரத்தில் இல்லாமல் நடுவில் 1, 2, 1 என்று வரிசையாக நின்றால், இரண்டு பக்கத்திலும் உள்ள 1-களுக்கு நேர் மேலே கண்ணிகள் இருக்கும். 2-க்கு நேர் மேலே உள்ள கட்டம் பாதுகாப்பானது. 1, 2, 2, 1 என்று நின்றால் நிலைமை தலைகீழாகும்: இரண்டு 2-களுக்கும் நேர் மேலே கண்ணிகள், 1-களுக்கு மேலே பாதுகாப்பு. இவற்றை மனப்பாடம் செய்து வைத்திருப்போர் பலர். மனப்பாடம் வேகத்துக்கு உதவும். ஆனால் ஏன் அப்படி என்பதை ஒருமுறை கழித்துப் பார்த்துத் தெரிந்துகொண்டவருக்குத்தான், அதே வடிவம் மாறுவேடத்தில் வரும்போது கண்ணில் படும். 2, 4, 3 என்று மூன்று எண்கள் நிற்கின்றன. 2-ஐத் தொட்டுக் கீழ்ப்பக்கத்தில் ஏற்கெனவே தெரிந்த கண்ணி ஒன்று, 4-ஐத் தொட்டு இரண்டு, 3-ஐத் தொட்டு இரண்டு. தெரிந்தவற்றைக் கழித்துவிட்டால் எஞ்சுவது 1, 2, 1. பெரிய எண்களைக் கண்டு மலைத்து நிற்பவர்கள் இந்தக் குறைப்பைச் செய்வதில்லை என்பதே உயர் நிலையில் நின்றுபோவதற்கு நான் கண்ட முதல் காரணம். கண்ணி என்று தெரிந்த கட்டங்களில் அடையாளக் கொடிகளை நட்டு ஆடுவது இதற்கு உதவும். வேகத்துக்காகக் கொடியே நடாமல் ஆடும் வழக்கத்தைத் தேர்ச்சி வந்த பிறகு வைத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது காரணம், பலகையின் மூலையில் காட்டப்படும் மீதிக் கண்ணிகளின் எண்ணிக்கையைப் பார்க்காமல் விடுவது. ஆட்டம் முடியும் தறுவாயில் அந்த எண் பலகையின் எந்த எண்ணுக்கும் குறையாத சாட்சி. சிக்கிய பகுதி ஒன்றுக்கு இரண்டு தீர்வுகள் பொருந்துகின்றன, ஒன்றுக்கு 3 கண்ணிகளும் மற்றொன்றுக்கு 4 கண்ணிகளும் தேவை என்று வையுங்கள். மீதி 3 என்று காட்டினால் இரண்டாவது தீர்வு விழுந்துவிடுகிறது. அதோடு, அந்தப் பகுதிக்கு வெளியே இன்னும் மூடியிருக்கும் கட்டங்கள் அனைத்தும் பாதுகாப்பானவை என்பதும் அதே மூச்சில் தெரிந்துவிடுகிறது.

இவை அனைத்தையும் செய்த பிறகும் முடிவு கிடைக்காத இடங்கள், மனம்போன போக்கில் தூவப்பட்ட பலகைகளில் வரத்தான் செய்யும். சுவரோரமாக இரண்டு மூடிய கட்டங்கள்; அவற்றைத் தொடும் ஒவ்வொரு எண்ணும் இரண்டையும் சேர்த்தே தொடுகிறது; இரண்டில் ஒன்றில் கண்ணி. இதற்கு எந்த யோசனையும் உதவாது. பிற்பாடு வரப்போகும் தகவலும் உதவாது. ஆகவே, அப்படிப்பட்ட இடத்தைக் கண்டவுடனேயே ஒன்றை அழுத்திவிடுவது நல்லது. பலகை முழுவதையும் உழைத்துத் தீர்த்துவிட்டுக் கடைசியில் அதில் தோற்பதில் பயனில்லை. ஆனால் பக்கத்திலிருந்து இன்னும் தகவல் வரக்கூடிய இடமாக இருந்தால் அதைத் தொடாமல் விட்டுவைக்க வேண்டும்.

ஊகித்தே ஆக வேண்டுமென்றால் அதையும் கணக்கோடு செய்யலாம். 1 என்ற எண்ணுக்கு அருகில் இரண்டு மூடிய கட்டங்கள் மட்டும் இருந்தால், வேறு தகவல் இல்லாத நிலையில் ஒவ்வொன்றிலும் அபாயம் சரிபாதி. எண்களை எட்டாமல் தூரத்தில் கிடக்கும் ஒரு மூடிய கட்டத்தில் அபாயம் உயர் நிலைப் பலகையில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று. எண்ணுக்கு அருகில் உள்ளதுதான் தெரிந்த இடம் என்ற உணர்வில் அங்கேயே அழுத்துவது வழக்கமான பிழை. இதைவிட நுட்பமான ஒன்றும் உண்டு. மேலே சொன்ன எடுத்துக்காட்டில் 3 கண்ணித் தீர்வும் 4 கண்ணித் தீர்வும் இரண்டுமே பொருந்துகின்றன, வெளியே 40 மூடிய கட்டங்கள் உள்ளன, மீதிக் கண்ணிகள் 10 என்று கொள்வோம். இரண்டுக்கும் சம வாய்ப்பு என்று தோன்றும். உண்மையில், முதல் தீர்வு சரியானால் எஞ்சிய 7 கண்ணிகளை அந்த 40 கட்டங்களில் வைக்க 1,86,43,560 வழிகள் உண்டு. இரண்டாவது சரியானால் 6 கண்ணிகளை வைக்க 38,38,380 வழிகள்தான். ஆகவே 3 கண்ணித் தீர்வுக்கு வாய்ப்பு ஏறக்குறைய ஐந்து மடங்கு. கையால் இதை ஒவ்வொரு முறையும் கணக்கிட வேண்டியதில்லை. வேறு தகவல் இல்லாதபோது, குறைந்த கண்ணிகளைக் கேட்கும் அமைப்பையே நம்புங்கள் என்பது இதன் நடைமுறைப் பயன். அபாயம் சமமாக உள்ள இரண்டு கட்டங்களில், திறந்தால் புதிய தகவல் தரக்கூடியதையே தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

எல்லா இடங்களிலும் செல்லக்கூடிய ஒரு விரைவான சூத்திரம் ஏதாவது இருக்காதா என்ற எண்ணம் ஆடுபவர் அனைவருக்கும் வரும். இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கணிதவியலாளர் ரிச்சர்ட் கே 2000-இல் இதற்கு முக்கியமான பதில் தந்தார். எண்களும் மூடிய கட்டங்களும் கொண்ட ஒரு மைன்ஸ்வீப்பர் நிலையைக் கொடுத்து, இதற்குப் பொருந்தும் கண்ணி அமைப்பு ஒன்றாவது உண்டா என்று கேட்பது, கணினி அறிவியலில் என்பி-முழுமை என்று வழங்கும் கடினமான கணக்குகளின் வகையைச் சேர்ந்தது என்று அவர் நிறுவினார். பலகை பெரிதாகிக்கொண்டே போனால், அத்தகைய கணக்குகள் எல்லாவற்றையும் விரைவாகத் தீர்க்கும் பொதுமுறை எதுவும் இதுவரை கண்டுபிடிக்கப்படவில்லை. இதைப் படித்துச் சோர்வடையத் தேவையில்லை. நாம் ஆடும் 480 கட்டப் பலகையில் சிக்கும் பகுதிகள் சிறு சிறு துண்டுகளாகப் பிரிந்தே கிடக்கின்றன. அந்தத் துண்டுகளைக் கணினி நொடியில் தீர்க்கிறது, பழகிய மனிதர் நிதானமாகத் தீர்க்கிறார்.

இனி, ஊகமே தேவைப்படாத பலகைகளுக்கு வருகிறேன். தொலைவிலுள்ள கணினியோடு இணைய உதவும் புட்டி (PuTTY) என்ற மென்பொருளை எழுதியவர் என்று கணினித் துறையினர் பலருக்கும் தெரிந்த சைமன் டாதம், ஒருவர் தனியாக ஆடும் சுமார் 40 புதிர் ஆட்டங்களைக் கொண்ட ஒரு தொகுப்பைப் பல ஆண்டுகளாக வளர்த்து வருகிறார். யாரும் பயன்படுத்தவும் மாற்றவும் அனுமதிக்கும் எம்ஐடி உரிமத்தின்கீழ் இலவசமாகக் கிடைக்கும் இது விண்டோஸ், லினக்ஸ், மேக் ஆகியவற்றில் இயங்கும், பிரவுசரிலேயே ஆடலாம், ஆண்ட்ராய்டு வடிவமும் உண்டு. இதிலுள்ள மைன்ஸ் என்ற ஆட்டத்தில் நீங்கள் முதல் கிளிக் செய்த பிறகே கண்ணிகள் வைக்கப்படுகின்றன. நிரல் ஒரு பலகையை அமைத்து, தன்னுள் இருக்கும் தீர்வானை, அதாவது புதிரைத் தீர்க்கும் நிரல்பகுதியைக் கொண்டு அந்த முதல் கட்டத்திலிருந்து தீர்த்துப் பார்க்கிறது. எங்கேனும் நின்றுபோனால், அந்த இடத்தை ஒட்டிய கண்ணிகளை இடம்மாற்றி மீண்டும் முயல்கிறது. முழுவதும் தீர்ந்த பிறகே பலகை உங்களுடையதாகிறது. மீதிக் கண்ணிகளின் எண்ணிக்கையைக் கணக்கில் கொண்டால்தான் தீரும் இடங்கள் அதில் இருக்கலாம். ஊகித்தால்தான் தீரும் இடம் இருக்காது. கண்ணியை மிதித்துவிட்டாலும் அன்டூ செய்து, அதாவது அந்தச் செயலைத் திரும்பப் பெற்று, தொடரலாம். எத்தனை முறை இறந்தீர்கள் என்பதை மட்டும் கீழே காட்டிக்கொண்டிருக்கும். கற்பவருக்கு இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை என்பது என் உறுதியான கருத்து. தோற்றதும் பலகையே மறைந்துவிடும் ஆட்டத்தில், எந்த முடிவைப் பார்க்கத் தவறினோம் என்று திரும்பிப் பார்க்க வாய்ப்பே கிடைப்பதில்லை.

சுடோகுவின் வரலாறும் இதே கேள்வியைச் சுற்றித்தான் சுழல்கிறது. ஹோவர்டு கார்ன்ஸ் என்ற அமெரிக்கக் கட்டடக் கலைஞர் உருவாக்கியதாகக் கருதப்படும் இந்தப் புதிர் 1979-இல் டெல் நிறுவனத்தின் புதிர் இதழில் வெளிவந்தது. 1984-இல் ஜப்பானின் நிக்கோலி நிறுவனம் அதை எடுத்து வளர்த்தது. நிக்கோலி தன் புதிர்களை மனிதர்களைக் கொண்டே கையால் அமைத்தது. கொடுக்கப்படும் எண்களும் சமச்சீராக நிற்கும்படி பார்த்துக்கொண்டது. ஹாங்காங்கில் நீதிபதியாக இருந்து ஓய்வுபெற்ற நியூசிலாந்துக்காரர் வெய்ன் கவுல்டு 1997-இல் டோக்கியோவின் புத்தகக் கடை ஒன்றில் இந்தப் புதிரைப் பார்த்து, ஏறக்குறைய ஆறு ஆண்டுகள் செலவிட்டுப் புதிர்களைத் தானே உருவாக்கும் நிரலை எழுதினார். 2004 நவம்பர் 12 அன்று லண்டனின் டைம்ஸ் நாளிதழில் அவருடைய புதிர் வெளிவந்த பிறகுதான் உலகெங்கும் சுடோகு அலை வீசியது. நாள்தோறும் புதிது புதிதாகப் புதிர் தர நிரலால் முடிந்தது; கையால் அமைத்த புதிரில் அடுத்த முடிவு எங்கே ஒளிந்திருக்க வேண்டும் என்பதை ஒருவர் யோசித்து வைத்திருப்பார், அந்தச் சுவையை நிரல் தருவது அரிது. இரண்டையும் ஆடிப் பார்த்தவர்களுக்கு வேறுபாடு கையில் புலப்படும்.

நிரல் எப்படிக் கடினத்தை அளக்கிறது என்பது தெரிந்தால், நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்பதும் தெரியும். முதலில் முழுமையாக நிரம்பிய பலகையை அமைத்து, எண்களை ஒவ்வொன்றாக நீக்கிக்கொண்டே வருகிறது. ஒவ்வொரு நீக்கத்துக்குப் பிறகும், குறிப்பிட்ட நிலைக்குரிய முறைகளை மட்டும் பயன்படுத்தி இது தீர்கிறதா என்று சோதிக்கிறது. தீராவிட்டால் அந்த எண்ணைத் திரும்ப வைத்துவிடுகிறது. அதற்குக் கீழ்நிலை முறைகளாலேயே தீர்ந்துவிடும் புதிரையும் நல்ல நிரல் தள்ளிவிடும். ஆகவே கடினம் என்பது கொடுத்த எண்களின் எண்ணிக்கையைப் பொறுத்தது என்பது தவறான நம்பிக்கை. ஒரே தீர்வு கொண்ட சுடோகுவுக்குக் குறைந்தது 17 எண்கள் தேவை என்று டப்ளினில் கேரி மெக்வயர் குழுவினர் 2012-இல் கணினியால் தேடி நிறுவினர். அந்த 17 எண் புதிர்களிலும் எளிய முறைகளாலேயே தீர்பவை உண்டு. டாதமின் தொகுப்பில் சுடோகுவுக்கு சோலோ என்று பெயர். அதன் உச்ச நிலைக்கு நியாயமற்றது என்றே அவர் பெயர் வைத்திருக்கிறார், அங்கே ஊகித்துப் பின்வாங்க வேண்டியிருக்கலாம் என்பதால். அதற்குக் கீழுள்ள எந்த நிலையிலும் ஊகம் தேவையில்லை.

சுடோகுவில் நின்றுபோவோர் பெரும்பாலும் ஒரே பக்கத்திலிருந்து பார்க்கிறார்கள். இந்தக் கட்டத்துக்கு எந்த எண் வரும் என்று கேட்பது ஒரு பார்வை; இந்த வரிசையில் 7 எந்தக் கட்டத்துக்குப் போகும் என்று கேட்பது மற்றொரு பார்வை. முதல் பார்வையில் ஒரு கட்டத்துக்கு நான்கு எண்கள் சாத்தியமாகத் தோன்றும். இரண்டாவது பார்வையில் அந்த வரிசையில் 7-க்கு அந்தக் கட்டத்தை விட்டால் வேறு இடமே இல்லை என்பது தெரியும். இரண்டும் தீர்ந்த பிறகுதான் பென்சில் குறிப்புகள், அதாவது ஒவ்வொரு காலிக் கட்டத்திலும் சாத்திய எண்களைச் சிறிதாக எழுதி வைப்பது. ஒரே வரிசையில் இரண்டு கட்டங்களில் 4, 9 என்ற இரண்டு மட்டுமே எழுதப்பட்டிருந்தால், எது எதில் என்று தெரியாவிட்டாலும், அந்த வரிசையின் மற்றக் கட்டங்களில் 4-ஐயும் 9-ஐயும் அடித்துவிடலாம். ஒரு 3-க்கு 3 பெட்டிக்குள் 5 போகக்கூடிய கட்டங்கள் எல்லாம் ஒரே வரிசையில் அமைந்துவிட்டால், அந்த வரிசையில் அப்பெட்டிக்கு வெளியே 5 வர முடியாது. இன்னும் ஒரு படி மேலே: இரண்டாவது வரிசையில் 7 போகக்கூடிய இடங்கள் 3-ஆம், 8-ஆம் நெடுவரிசைகள் மட்டும், ஆறாவது வரிசையிலும் அதே 3, 8 மட்டும். இரண்டு வரிசைகளுக்கும் சேர்த்து இரண்டு 7-கள் அந்த இரண்டு நெடுவரிசைகளையும் ஆளுக்கொன்றாக எடுத்துக்கொள்வதால், அந்த நெடுவரிசைகளின் மற்ற எந்தக் கட்டத்திலும் 7 கிடையாது. மைன்ஸ்வீப்பரில் கண்ட அதே செயல்தான் இங்கும் நடக்கிறது: எது எங்கே என்று தெரியாத நிலையிலேயே, வேறோர் இடத்தைப் பற்றி உறுதியான முடிவுக்கு வருகிறோம்.

குறிப்புகளை நிரலே தானாக எழுதித் தரும் வசதி பல ஆட்டங்களில் உண்டு. தொடக்கத்திலேயே அதை இயக்கிவிட்டால் பலகை முழுவதும் சிறு எண்கள் நிரம்பி, இரண்டாவது பார்வையால் எளிதில் கிடைக்கும் முடிவுகள் மறைந்துவிடும். குறிப்பின்றிப் போகும் தூரம் வரை போய், நின்ற பிறகு எழுதத் தொடங்குவதே நான் எல்லோருக்கும் சொல்லும் முறை.

இந்த இடத்தில், உங்கள் கேள்வியின் நடுவில் உள்ள ஊகம் என்பதைச் சரியாக வரையறுக்க வேண்டும். "இங்கே 4 என்று வைத்துக்கொண்டால், அங்கே 9 வரும், அப்படியானால் அந்த வரிசையில் 2-க்கு இடமில்லாமல் போகும், ஆகவே இங்கே 4 இல்லை" என்று யோசிப்பது ஊகமாகாது, அது முழுமையான நிரூபணம். 4 என்று போட்டுவிட்டு, முரண்பாடு எதுவும் வரவில்லை என்பதற்காகவே அதைச் சரி என்று ஏற்றுக்கொண்டு போவதுதான் ஊகம். முரண்பாட்டைக் கண்டு ஒன்றை விலக்குவதற்கு நமக்கு உரிமை உண்டு. முரண்பாடு இன்னும் தென்படாததால் ஒன்றை ஏற்பதற்கு உரிமை இல்லை. கணினியில் இந்த எல்லை எளிதில் அழிந்துவிடுகிறது, ஏனென்றால் அன்டூ பொத்தான் செலவில்லாமல் கிடைக்கிறது. ஒரு சோதனையைத் தொடங்குமுன், இதுவரை உறுதியான நிலையைச் சேமித்துக்கொள்ளுங்கள். சங்கிலி மனத்தில் நிற்கும் அளவுக்குக் குறுகியதாக இருக்கட்டும். முரண்பாடு வந்ததும் சேமித்த நிலைக்கே திரும்பி, விலக்கிய அந்த ஒன்றை மட்டும் குறித்துவிட்டுத் தொடருங்கள். பத்து, இருபது கட்டங்கள் வரை நீளும் சோதனைகளை வரிசையாகச் செய்து பின்வாங்குவது நிரலின் வேலை. சில பத்து வரிகளில் எழுதிய நிரலே 9-க்கு 9 சுடோகுவை வழக்கமாக நொடிப்பொழுதில் அப்படித் தீர்த்துவிடும். மனிதர் அதைப் பின்பற்றினால் களைப்பு மிஞ்சும், பார்வை வளராது.

ஒரே தீர்வுதான் உண்டு என்ற செய்தியையே ஒரு தடயமாகப் பயன்படுத்தும் நுட்பங்களும் சுடோகு ஆடுவோரிடையே உள்ளன. இந்த நான்கு கட்டங்களில் 1, 6 மட்டுமே எஞ்சினால் இரண்டு விதமாக நிரப்ப முடிந்துவிடும், புதிருக்கு ஒரே தீர்வு என்பதால் அப்படி எஞ்ச முடியாது என்று முடிவெடுப்பது அவ்வகை. அது செல்லும் வாதமே; ஆயினும் புதிரை உருவாக்கியவர்மீது வைக்கும் நம்பிக்கையில் அது நிற்கிறது, பலகையின் விதிகளில் நிற்கவில்லை. தரமறியாத செயலியில் அதைப் பயன்படுத்த நான் பரிந்துரைப்பதில்லை.

நோனோகிராம் என்ற படப்புதிர், இந்தப் பழக்கத்தை மிகத் தெளிவாகக் கற்றுத்தரும் ஆட்டம். ஓரத்தில் தந்த எண்களின்படி கட்டங்களைக் கறுப்பாக்கினால் படம் வெளிப்படும். 10 கட்ட வரிசைக்கு 7 என்று எண் தந்திருந்தால், அந்த 7 கட்டத் துண்டை இடது எல்லைக்குத் தள்ளினால் 1 முதல் 7 வரை. வலது எல்லைக்குத் தள்ளினால் 4 முதல் 10 வரை. எப்படி வைத்தாலும் 4 முதல் 7 வரையுள்ள நான்கு கட்டங்கள் கறுப்பே. 4, 3 என்று இரண்டு எண்கள் இருந்தால், இடைவெளி ஒன்றையும் சேர்த்து 8 கட்டங்கள் போக, நகர இடம் 2. ஆகவே முதல் துண்டில் 3, 4 ஆகிய கட்டங்களும் இரண்டாவது துண்டில் 8-ஆம் கட்டமும் உறுதி. டாதமின் தொகுப்பில் இதற்குப் பேட்டர்ன் என்று பெயர். அதே தொகுப்பின் லூப்பி, எண்களைச் சுற்றி ஒரே ஒரு மூடிய வளையத்தை வரையும் ஆட்டம்; அதில் எண்களை மட்டும் பார்த்துக்கொண்டு, வளையம் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும் என்ற பொது விதியை மறப்பவர்கள் பாதியில் நின்றுவிடுவார்கள். மீதிக் கண்ணிகளின் எண்ணிக்கையை மறப்பதும் இதே வகைத் தவறுதான்.

பெட்டிகளைத் தள்ளும் சோக்கோபான், 1982-இல் ஜப்பானின் திங்க்கிங் ராபிட் நிறுவனம் வெளியிட்டது, தர்க்கப் புதிர் என்றே சொல்லப்பட்டாலும் வேறு இனம். அங்கே மறைந்திருப்பது எதுவுமில்லை. செயல்களின் வரிசையே சிக்கல். மூலையில் தள்ளிய பெட்டியை மீட்க முடியாது என்பதால், எந்தக் கட்டங்களில் பெட்டி போனால் ஆட்டம் செத்துவிடும் என்று முதலில் குறித்துக்கொண்டு, இறுதி நிலையிலிருந்து பெட்டிகளைப் பின்னோக்கி இழுப்பதாக யோசித்துத் தொடங்க வேண்டும். உங்கள் கேள்விக்கு அது நேரடியாக உதவாது.

நடைமுறையில் என்ன செய்யலாம் என்றால், தவறான எண்ணை உடனே சிவப்பாகக் காட்டும் வசதியை அணைத்துவிடுங்கள். அது இயங்கிக்கொண்டிருக்கும் வரை, ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துச் சிவப்பாகாததை வைத்துக்கொள்ளும் பழக்கம் தன்னையறியாமல் வந்துவிடும். நேரம் காட்டும் கடிகாரத்தையும் சில மாதங்களுக்கு மறைத்துவிடுங்கள். நின்றுவிட்டால் ஊகிக்கவும் வேண்டாம், தீர்வைத் திறக்கவும் வேண்டாம். பலகையை அப்படியே சேமித்து வைத்துவிட்டு மறுநாள் பாருங்கள். அப்போதும் நகராவிட்டால், குறிப்பு தரும் வசதியை ஒரே ஒரு படிக்கு மட்டும் பயன்படுத்தி, அந்த முடிவு எந்த எண்களிலிருந்து வந்தது என்று கண்டுபிடித்த பிறகே தொடருங்கள். முழுத் தீர்வையும் ஒரேயடியாகக் காட்டும் பொத்தானால் அந்தப் பயன் இல்லை.

எந்தப் புதிர்களை எப்படி ஆடுவது என்று கேட்டிருந்தீர்கள். முதலில் பேட்டர்ன்; ஒரு வரிசைக்குள்ளேயே உறுதியையும் சாத்தியத்தையும் பிரித்துப் பார்க்க அது பழக்கும். அடுத்து ஊகம் தேவைப்படாத மைன்ஸை நடுநிலையில் ஆடி, இறப்பு எண்ணிக்கை பூஜ்யமாகவே இருக்கும்படி முடிப்பதை இலக்காக வையுங்கள். அதன்பின் சோலோவின் நடு நிலைகள், பிறகு லூப்பி. பழைய வகை மைன்ஸ்வீப்பரின் உயர் நிலைக்கு இவற்றுக்குப் பிறகு திரும்பினால், அங்கே வரும் உண்மையான ஊக இடங்கள் எத்தனை குறைவு என்பது தெரியும்.

நிரல் எழுதத் தெரிந்தவராக இருந்தால், மைன்ஸ்வீப்பர் தீர்வான் ஒன்றை நீங்களே எழுதிப் பார்க்க வேண்டும் என்று வலியுறுத்துவேன். ஒவ்வொரு எண்ணையும், "இந்த மூடிய கட்டங்களுக்குள் இத்தனை கண்ணிகள்" என்ற ஒரு தொகுதியாக எழுதுங்கள். ஒரு தொகுதி இன்னொன்றுக்குள் முழுவதும் அடங்கினால், கழித்து வரும் புதிய தொகுதியைப் பட்டியலில் சேருங்கள். எண்ணிக்கை பூஜ்யமான தொகுதியின் கட்டங்களைத் திறங்கள்; எண்ணிக்கையும் கட்டங்களும் சமமான தொகுதியில் கொடி நடுங்கள். புதிதாக எதுவும் வராமல் போகும் வரை இதையே திரும்பத் திரும்பச் செய்யுங்கள். டாதமின் தீர்வானும் அடிப்படையில் இதைத்தான் செய்கிறது. அதன் மூலநிரல் யார் வேண்டுமானாலும் படிக்கும்படி திறந்தே கிடக்கிறது. எழுதி முடித்த நிரலை உயர் நிலைப் பலகையில் ஓடவிட்டு, அது எங்கே நிற்கிறதோ அந்த நிலையை எடுத்துக்கொண்டு நீங்கள் கையால் தீர்க்க முயன்று பாருங்கள். மீதிக் கண்ணிகளின் எண்ணிக்கையால் தீரும் இடம் எது, எதனாலும் தீராத இடம் எது என்பதை அங்கேதான் உங்கள் கண் பிரித்தறியப் பழகும்.